தாடை உடைத்து வாங்கிய ஷார்ட்ஸ்டாப்

ஜான்ஸ்டவுன்,
பிப்ரவரி 11

அன்பு மகள் மாரீனுக்கு,

உன் அப்பா எமில் எழுதுவது. இங்கே நான் நலம், என் வலது கையில் இரண்டு விரல்களைத் தவிர. அங்கே நீயும் நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியும் அந்தத் தீவும் குளிரில் விறைத்துப் போகாமல் சுகமாக இருக்க வேண்டும் என்று கடவுளைக் கேட்டுக்கொள்கிறேன். எழுத்து கோழி கிளறிய மாதிரி இருந்தால் கட்டுப்போட்ட விரல்களைத் திட்டு, என்னைத் திட்டாதே. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் உன் தம்பி பெயரை எடுத்ததும் நீ வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழிக்கலாம், ஆனால் முழுதும் படித்துவிட்டுத்தான் கிழிப்பாய், பெற்றவனுக்கு அது தெரியாதா. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது டேரனைப் பற்றிய கடிதம்.

அதற்கு முன் வீட்டு விஷயம். கூரைப் பனியை நான்தான் ஏறித் தள்ளினேன், எழுபத்தொரு வயதில் ஏன் ஏறினாய் என்று நீ கத்துவது இங்கே வரைக்கும் கேட்கிறது. நம் நாய் பிக்கிள் தபால்காரரின் காலை மறுபடியும் கவ்விவிட்டது, பேன்ட் கிழிந்தது, சதை தப்பியது. இனி நாயைக் கட்டினால்தான் தபால் என்று அந்த ஆள் சொல்லிவிட்டார். உன் அம்மா கல்லறையில் கிறிஸ்துமஸுக்கு வைத்த பைன் வளையத்தை மான் தின்றுவிட்டது. அவள் இருந்திருந்தால் அந்த மானைச் சுட்டுக் குழம்பு வைத்திருப்பாள்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். ஸ்லோவாக் சங்கத்தின் கீழ்த்தளத்தில் நாங்கள் பத்துப் பேர் சனிக்கிழமை மதியங்களில் கூடிக் கணினியில் பேஸ்பால் ஆடுவது உனக்குத் தெரியும், சின்ன வயதில் என் மடியில் உட்கார்ந்து நீயும் கத்தியிருக்கிறாய். ஆளுக்கு ஓர் அணி, அணிக்குச் சம்பளம் கொடுக்க ஒரு வரம்பு, எல்லாம் பொய்ப்பணம். அதில் வரும் ஆட்டக்காரர்கள் ஒருவர்கூட நிஜத்தில் பிறந்தவர்கள் இல்லை, அந்த இயந்திரம் பெற்றுப்போட்ட பிள்ளைகள். பிறக்காத பிள்ளைகளுக்காகப் பிறந்தவர்கள் ரத்தம் சிந்தினோம் என்றால் எங்களைவிட மடையர்கள் இந்த மாவட்டத்தில் கிடையாது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நம் அணி மூன்று வருடமாகக் கடைசி. எங்கள் சங்கத்து விதிப்படி ஜெயிக்கிறவனுக்கு அடுத்த வருடம் சம்பள வரம்பு கூடும், தோற்கிறவனுக்குக் குறையும், விழுந்தவனை ஏறி மிதிக்கிற கணக்கு. தலைவர் லெஸ்டரின் அணிக்கு இருப்பதில் பாதிதான் நமக்கு. டேரன் குடிநோய் விடுதியிலிருந்து திரும்பி வந்தபோது, பழைய கூட்டாளிகள் கண்ணில் படக்கூடாது என்று அறையை விட்டு வெளியே வராமல் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு நாள் நான் ஆட்டம் அமைப்பதை எட்டிப் பார்த்து, "இந்தக் கிழவனுக்கா இம்புட்டு சம்பளம் குடுக்கிற? முட்டி தேஞ்சு போச்சு, ஓடவே மாட்டான், வித்துத் தொலைப்பா" என்றான். அன்றிலிருந்து அணி அவன் கையில்தான். பெயர்பெற்ற கிழட்டு ஆட்டக்காரர்களைக் கழித்துக் கட்டினான். வேறு யாரும் சீண்டாத பத்தொன்பது வயதுப் பையன்களை ஒற்றை டாலர் சம்பளத்துக்கு எடுத்தான். பந்தை ஓங்கி அடிக்கத் தெரியாவிட்டாலும் பொறுமையாக நின்று மோசமான பந்தை விட்டுவிடத் தெரிந்தவனா என்று மட்டும் பார்த்தான். வேகமில்லாத, ஆனால் சொன்ன இடத்தில் போடுகிற இடதுகைப் பந்துவீச்சாளர்களைப் பொறுக்கினான். குடிக்கத் தோன்றும் நேரமெல்லாம் அந்தப் பையன்களோடு மல்லுக்கட்டினான், மாரீன். இரண்டு வருடமாக ஒரு சொட்டு தொடவில்லை, என் கண்ணால் பார்த்தது. அந்த அணி போனால் இவனும் போவான் என்று எனக்குப் பயம்.

அந்தச் சந்தோஷத்தில்தான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். செப்டம்பரில் அவன் பிறந்தநாளுக்கு அணியை அவன் பெயருக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன். கேக்கெல்லாம் வெட்டினோம். சங்கத்தின் வழக்கம் மட்டும் என் மரமண்டைக்கு எட்டவில்லை. ஆள் மாற்றிக்கொள்வது என்றால் இரண்டு உரிமையாளர்களும் ஒருவருக்கொருவர் பிளம் சாராயம் ஊற்றிக் கொடுத்து ஒரே மடக்கில் குடிக்க வேண்டும், அப்போதுதான் வியாபாரம் செல்லும், இல்லையென்றால் கணினியில் ஏற்ற மாட்டார்கள். அதுவரை நான்தான் குடித்துக்கொண்டிருந்தேன். பெயர் மாறியதும் கிளாஸும் அவன் பக்கம் போய்விட்டது.

ஜனவரி முதல் சனிக்கிழமை. பையன்கள் பழுத்து வந்துவிட்டார்கள், நடுக்களத்தைக் காக்க ஒரு நல்ல ஷார்ட்ஸ்டாப் மட்டும் இல்லை, பாதிப் பந்துகள் அந்த ஓட்டை வழியாகத்தான் போயின. லெஸ்டரிடம் கிரெஸ்போ என்று ஒரு பனாமாப் பையன் பெஞ்சைத் தேய்த்துக்கொண்டு சும்மா கிடந்தான். அவனுக்குப் பதிலாக நம்மிடம் மிஞ்சியிருந்த ஒரே தடியனை, முதல் தளத்தில் நிற்கிற அதிகச் சம்பளக்காரனை, டேரன் கொடுப்பதாகச் சொன்னான். லெஸ்டருக்கு வாயெல்லாம் பல். இரண்டு கிளாஸ் ஊற்றினான். அப்பா குடிப்பார் என்றான் டேரன். "உங்கப்பன் பேர்லயா டீம் இருக்கு? உம் பேர்ல இருக்கு, நீ குடி" என்றான் லெஸ்டர். டேரன் சிரித்துக்கொண்டே, "நான் தொடறதில்ல லெஸ்டர், உனக்கே தெரியும், காப்பில முடிச்சுக்கலாமா?" என்று கேட்டான். சுற்றி இருந்தவர்கள் மேசையைத் தட்ட ஆரம்பித்தார்கள். லெஸ்டரின் மச்சான், அந்த மாட்டுக் கழுத்தன், "பாப்பாவுக்குப் பால்புட்டி கொண்டாங்கடா" என்றான். அப்போதும் டேரன் எழுந்து கோட்டைத்தான் எடுத்தான். லெஸ்டர் விளையாட்டுக்குச் செய்கிற மாதிரி பின்னாலிருந்து அவன் பிடரியைப் பிடித்து, "ஒரே ஒரு மடக்குடா, செத்தா போயிடுவ?" என்று கிளாஸை உதட்டில் வைத்து அழுத்தினான். சாராயம் அவன் மூக்கிலும் மோவாயிலும் வழிந்தது. அவன் வாயை இறுக்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான். அதை நான் பார்த்தேன்.

பியர் ஜாடி என் கைக்கு எப்படி வந்தது என்று தெரியாது. தடித்த கண்ணாடி ஜாடி, பாதி நிறைந்திருந்தது. லெஸ்டரின் தாடையில் அடித்தேன். காய்ந்த விறகு முறிகிற சத்தம் கேட்டது, ஜாடி உடையவில்லை, தாடைதான் உடைந்தது. அவன் நாற்காலியோடு மல்லாக்க விழுந்தான், இரண்டு பல் என் தட்டில் இருந்த பியரோகிக் கொழுக்கட்டை மேல் வந்து விழுந்தன. அதற்குப் பிறகு ஊரே ஒருவர்மேல் ஒருவராக விழுந்தது. மாட்டுக் கழுத்தன் என் வயிற்றில் குத்தினான், நான் விழுந்ததும் என் கையைப் பூட்ஸால் மிதித்துத் திருகினான், விரல்கள் முறிந்தது அப்போதுதான். நான் அவன் கெண்டைக்காலைக் கடித்தேன், வெட்கமில்லாமல் எழுதுகிறேன், வாயில் கம்பளிக் காலுறையும் ரத்தமும் வந்தன. யாரோ நாற்காலியை வீசினார்கள், தொலைக்காட்சி நொறுங்கியது. கடைசியில் சாராயக் கவுன்டரில் நிற்கும் பெர்னிஸ் உள்ளிருந்து நிஜ பேஸ்பால் மட்டையோடு வந்து மாட்டுக் கழுத்தனின் முதுகில் ஒன்று வைத்து, "பொம்ம வெளையாட்டுக்குப் பொணம் விழணுமாடா ஒங்களுக்கு? எந்திரிங்கடா, எம் தரையெல்லாம் ரத்தம்!" என்று கத்தியபிறகுதான் அடங்கியது.

இதில் டேரன் என்ன செய்தான் என்று நீ தேடுவாய். நீ தேடுவதில் நியாயம் இருக்கிறது. நாலு வருடத்துக்கு முன் நன்றி கூறும் நாளன்று குடித்துவிட்டு வந்து உன்னைத் தூக்கி ஃபிரிட்ஜில் அடித்தானே, மணிக்கட்டில் இன்னும் தகடு வைத்திருக்கிறாயே, தடுக்கப்போன என் காறை எலும்பையும் முறித்தானே, அதே கைகள். அந்தக் கைகளை அவன் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றான். காதில் அடித்தார்கள், உதடு கிழிந்தது, கையை வெளியே எடுக்கவே இல்லை. வந்து என் மேல் குப்புறப் படுத்துக்கொண்டான், எனக்கு விழ வேண்டிய உதைகளையெல்லாம் முதுகில் வாங்கினான். வீட்டுக்கு வந்ததும் எனக்கு அவன் மேல்தான் ஆத்திரம். அப்பனை மிதிக்கிறார்கள், ஏன்டா ஓர் அடி திருப்பி அடிக்கவில்லை என்று கத்தினேன். உதட்டில் ஐஸை வைத்துக்கொண்டே, "ஆரம்பிச்சா எனக்கு நிறுத்தத் தெரியாதுப்பா. அக்காவக் கேளு" என்றான்.

போலீஸ் வந்தது. லெஸ்டரின் தாடையைக் கம்பி போட்டுக் கட்டிவிட்டதால் பேச முடியாது, படியில் வழுக்கி விழுந்தேன் என்று காகிதத்தில் எழுதிக் காட்டியிருக்கிறான். ஆள் முரடன், ஆனால் சங்கத்து அழுக்கைத் தெருவில் துவைக்க மாட்டான். போலீஸ் போனதும் இன்னொரு காகிதத்தில், எமிலுக்கு இந்தப் பருவம் முழுக்கச் சங்கத்துக்குள் இடமில்லை என்று எழுதித் தலைவர் கையெழுத்துப் போட்டுவிட்டான். அதுவும் நியாயம்தான். ஆக டேரன் தனியாகத்தான் போக வேண்டும், அந்தச் சாராய நெடிக்கு நடுவே, அந்தப் பத்து கிளாஸ்களுக்கு நடுவே. போகாதே என்றேன். "டீம பாதியில விட்டுட்டு வர்றதா? இப்பத்தான்பா பசங்க அடிக்கவே ஆரம்பிச்சிருக்கானுங்க" என்றான். சரி என்று சனிக்கிழமைதோறும் நானே ஓட்டிக்கொண்டுபோய்ச் சங்கத்து எதிரில் வண்டியை நிறுத்தி, பிக்கிளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். அவன் வெளியே வந்து உட்கார்ந்ததும் சீட் பெல்ட்டைச் சரி செய்கிற சாக்கில் குனிந்து அவன் வாயை மோந்து பார்ப்பேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான். மகனை மோந்து பார்த்துப் பிழைக்கிற பிழைப்பு எதிரிக்கும் வரக்கூடாது.

போன சனிக்கிழமை ரொம்ப நேரமாகியும் அவன் வரவில்லை. உள்ளே கத்தல் கேட்டது, மேசை தட்டுகிற சத்தம் கேட்டது, கிளாஸ் கிளாஸ் என்று கூச்சலிட்டார்கள். நான் கதவைத் திறந்து ஒரு காலைப் பனியில் வைத்துவிட்டேன், டயர் மாற்றும் இரும்பு கையில் இருந்தது, இந்த முறை யாரையாவது கொன்றிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் பெர்னிஸ் சிகரெட் பிடிக்க வெளியே வந்தவள், என் கையைப் பார்த்துவிட்டு ஓடி வந்து வண்டிக் கதவை என் தொடையோடு சேர்த்துச் சாத்தினாள். "யோவ் பெருசு, இரும்பக் கீழ போடு, நல்ல சேதி" என்றாள். நடந்தது என்னவென்றால், லெஸ்டரின் முதல் தள ஆட்டக்காரனுக்குக் கணினி முழங்காலை முறித்துவிட்டது, பருவம் முடியும்வரை எழுந்திருக்க மாட்டான். அந்த இடத்துக்கு, அன்று கைமாறாமல் நின்றுபோன நம் தடியன் இல்லாமல் லெஸ்டருக்கு முடியாது. கிரெஸ்போவைத் தருகிறேன் என்று எழுதி நீட்டியிருக்கிறான். எல்லோரும் கிளாஸைக் கொண்டுவா என்று மேசையைத் தட்ட, பெர்னிஸ் இரண்டு கிளாஸில் சாராயத்தை ஊற்றி வைத்துவிட்டு, "வழக்கம்னா வழக்கம், தலைவரு மொதல்ல குடிக்கட்டும்" என்றாளாம். எங்கே குடிப்பது, வாயில் கம்பி, வலி மாத்திரையோடு சாராயம் பட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், ஒரு மாதமாக உறிஞ்சு குழலில் வெனிலா பால் குடித்து ஆள் பாதியாகிவிட்டான். கொஞ்ச நேரம் கிளாஸையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, காகிதத்தை எடுத்து, பால் என்று எழுதினானாம். மாட்டுக் கழுத்தன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தானாம். லெஸ்டர் அதே காகிதத்தைச் சுருட்டி அவன் மூஞ்சியில் எறிந்தானாம். "ரெண்டு பேரும் குழல் போட்டு உறிஞ்சுனாங்க எமிலு, ரெண்டு பச்சப் புள்ளைங்க மாதிரி, நான் சிரிச்ச சிரிப்புல பல்செட்டு கழண்டு போச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பிறகு டேரன் வந்தான். உதட்டுத் தழும்பு இன்னும் சிவப்பாக இருக்கிறது. உட்கார்ந்தான், நான் குனிவதற்குள் அவனே என் பக்கம் திரும்பி, என் முகத்தில் ஹா என்று ஊதி, "நல்லா மோந்து பாத்துக்க, அப்புறம் வண்டிய எடு" என்றான். வெனிலா வாசனை. மாரீன், எனக்கு அழுகை வந்துவிட்டது, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். நாய் பயந்துபோய்க் குரைத்தது. அந்த மதியம் நம் பையன்கள் பதினொன்றுக்கு இரண்டு என்று தோற்றார்களாம், கிரெஸ்போ மூன்று பந்தைக் கோட்டைவிட்டானாம், அதையும் டேரன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

அவனை மன்னித்துவிடு என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. உன் மணிக்கட்டு, உன் வலி. நீ வருடக்கணக்கில் மன்னிக்காமல் இருந்தாலும் நீ என் மகள்தான். அப்பனையும் சேர்த்து வெறுத்துவிடாதே, அது போதும்.

கோழி சூப் செய்து சாப்பிடு, ஆஸ்பத்திரிக் காப்பியைக் குறை, கப்பல்காரர்களை நம்பாதே, கடல்மேல் பனி பிடித்திருந்தால் படகில் ஏறாதே. உன் அம்மாவின் ஆசியும் என் ஆசியும் எப்போதும் உன் தலைமேல் இருக்கட்டும்.

ஈஸ்டருக்கு நீ வருவாயா என்று நான் கேட்டு எழுதப்போவது டேரனுக்குத் தெரியும். நீ வந்தால் அந்த வாரம் முழுக்கப் பெர்னிஸ் வீட்டு மாடியில் போய்ப் படுத்துக்கொள்வதாகவும், உன் கண்ணில் படவே மாட்டான் என்றும் எழுதச் சொன்னான். போன வாரமே துணிப்பையைக் கட்டிக் கதவோரம் வைத்துவிட்டான், இன்னும் பிரிக்கவில்லை. அவன் போக வேண்டுமா, இருக்கலாமா என்று மறக்காமல் ஒரே ஒரு வார்த்தை எழுதிப் போடு. எந்த வார்த்தை வந்தாலும் நானே அவனுக்குப் படித்துக் காட்டுகிறேன்.

என்றும் உன் அப்பா,
எமில் ஹுடாக்