துண்டுக்கடியில் வாங்கிய அரிசி

ஜூலை 12, 2603, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. 1943 என்பதை, ஊரைப் பிடித்த ஜப்பான்காரன் கணக்குப்படி 2603 என்றுதான் போட வேண்டுமாம். இதை யார் பார்க்கப் போகிறார்கள்? இருந்தாலும் பயம், போட்டுவிட்டேன்.

கடையில் இருப்பு: மரவள்ளி மாவு, கொஞ்சம் உப்பு, புளி. சிராங்கூன் ரோட்டில் மொத்த வியாபாரம் என்று பலகை வேறு. வெட்கக்கேடு. சில்லறைக் கடைக்காரர்கள் வெறும் பையோடு திரும்பினார்கள். "அரிசி எப்பண்ணே வரும்?" எனக்கென்ன ஜோசியமா தெரியும்?

வீட்டில் என் மனைவி அன்னத்துக்கு ஓயாத அழுகை. அவள் தம்பி சபாபதியை சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துவிட்டார்கள். ரயிலடிக் கொட்டகையில் அடைப்பு. வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தாள். "வெறும் கஞ்சித் தண்ணிதாங்க. அரிசி வரலைன்னு சொல்றாங்களாம்."

ஜூலை 13, செவ்வாய்

தரகர் சுப்பையா வந்தார். அரிசி இருக்கிறதாம்.

முதலாளி ஊருக்குப் போகும்போது சொன்னது ஒன்றே ஒன்று: "எங்கேருந்து வந்ததுன்னு தெரியாத சரக்கு நம்ம கடைக்குள்ள வரக்கூடாது, ராமையா." சண்டை மூண்டு அவர் நாகப்பட்டினத்தில் மாட்டிக்கொண்டார். எல்லாம் என் தலையில்.

"எங்கேருந்துய்யா வருது?"

"சாப்பிடறவனே கேக்கமாட்டான், உங்களுக்கு என்ன?" துண்டை எடுத்துக் கையின் மேல் போட்டுக்கொண்டார்.

விலையை மட்டும் தெரிந்துகொள்ளலாம் என்று துண்டுக்கடியில் கையை விட்டேன். புத்தி கெட்டவன். அவர் விரலைப் பிடித்துக் காட்டிய விலை அவ்வளவு மலிவு. பழக்க தோஷம், பதிலுக்கு அழுத்திவிட்டேன். அழுத்தினால் பேரம் முடிந்தது. அதன் பிறகு பின்வாங்குகிறவனுக்கு எந்தத் தரகனும் துண்டு விரிக்க மாட்டான்.

சாயங்காலம் பின்வாசலில் மூட்டைகள் இறங்கின. குத்தூசி விட்டுப் பார்த்தேன். நல்ல அரிசி. மூட்டை வாயில் புதுத் தையல். வண்டிக்காரனிடம் நைசாகக் கேட்டேன்.

"ரயிலடிக் கொட்டகைலேருந்துதாண்ணே. அங்க கூலியாளுங்களை மேய்க்கிற கங்காணிதான் எடுத்து வித்துட்டாரு."

சபாபதி வாய்க்குப் போக வேண்டிய அரிசி.

ஜூலை 14, புதன்

வெயில். சுப்பையாவைத் தேடிப் போய்ச் சொன்னேன், வேண்டாம், எடுத்துக்கொண்டு போங்கள் என்று. சிரித்தார்.

"திருப்பிக் கொடுக்கறீங்களா? கொடுங்க. ஏன்னு ராணுவப் போலீஸ் வந்து கேப்பான். அவன்கிட்ட சொல்லுங்க."

திரும்பி வந்து மூட்டைகளின் மேல் கோணியைப் போட்டு மூடினேன். கொட்டகைச் சமையற்காரனிடமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால்? கங்காணி கண்ணில் படாமல். ஆனால் வழியில் காவல். மூட்டையைக் குத்திப் பார்ப்பான். அனுமதிச் சீட்டு இல்லாத அரிசி என்று தெரிந்தால் தலை போகும்.

இன்றைக்கு முடியாது. நாளைக்கு.

அன்னம் மூட்டைகளைப் பார்த்துவிட்டாள். "அரிசியா! எங்கேருந்துங்க?" வந்தது என்றேன். சிரித்தாள். சிரித்து எத்தனை நாளாயிற்று. உண்மையைச் சொல்லவில்லை.

ஜூலை 15, வியாழன்

போனேன். கைவண்டியில் அரிசி, மேலே மரவள்ளிக் கிழங்கு. காவல்காரன் முன்னால் இடுப்பு ஒடியக் குனிந்தேன். கிழங்கை மட்டும் கிளறிப் பார்த்துவிட்டு, போ என்று கை காட்டினான். முருகா, முருகா என்று தள்ளிக்கொண்டே போனேன்.

கொட்டகை வாசல் திறந்து கிடந்தது. உள்ளே ஒருத்தரும் இல்லை. வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நேத்து சாயங்காலமே ரயில் ஏத்திட்டாங்களே."

"சாப்பாடு போட்டுத்தானே அனுப்பினாங்க?"

"எங்கேருந்து போடறது? அரிசிதான் இல்லையே."

யாரிடம் கொடுப்பது? கங்காணியிடமா? வந்த வழியே தள்ளிக்கொண்டு திரும்பினேன்.

தம்பியை ஏற்றிவிட்டார்கள் என்பதை மட்டும் அன்னத்திடம் சொன்னேன். தரையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, அந்த அரிசியைக் களைந்து உலையில் போட்டாள்.

"வழியில சோறு போடுவாங்கல்லங்க?"

"போடுவாங்க."

சாப்பிட்டேன். மறுசோறும் வாங்கிக்கொண்டேன்.