வந்தவர்களை மட்டும் கேட்டேன்

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம், நீயும் அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், ஆதாரம் கேட்காமல் நான் நம்பும் விஷயங்கள் ரொம்பக் குறைவு, அதில் இது ஒன்று. அப்பாவுக்குத் தோள்வலி குறைந்திருக்கிறது, கடைக்குப் போகச் சொன்னால் மட்டும் திரும்ப வந்துவிடுகிறது. அக்கா புது வீட்டுக்கு மாறிவிட்டாள், அவள் வாங்கிய வாஷிங் மெஷின் குளியலறைக் கதவுக்குள் நுழையாமல் கூடத்தில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கிறது, வாங்கும் முன் அளந்து பார்த்தாயா என்று கேட்டேன், அம்மா தாயே ஆளை விடு என்று போனை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டாள்.

கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு நர்ஸிங் படிக்கப் போகிறேன் என்று நீ சொன்ன அன்று, பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அடுப்பில் பால் பொங்குகிறது என்று போனை வைத்தேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை. மாதக் கடைசிக்குள் கல்லூரிக்குப் பதில் சொல்லணும், அதுக்குள்ள நீ ஒரு வார்த்தை சொல்லும்மா என்று கேட்டிருந்தாய், எனக்கோ ஒரு வார்த்தை சொல்வதற்கும் அடியில் புள்ளிவிவரம் வேண்டும். அந்த நேரம் பார்த்து எங்கள் கல்லூரி வகுப்புக்காரர்கள் எல்லோரும் பழைய வகுப்பறையில் கூடுவதாகத் தகவல் வந்தது. இந்த மாதிரிக் கூட்டங்களுக்கு நான் போகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும், இந்தத் தடவை போனேன், பாசத்தினால் என்று நினைத்துவிடாதே. படித்த படிப்பை விட்டு விலகியவர்கள் பின்னால் வருந்துகிறார்கள் என்று உனக்கு நிரூபித்துக் காட்ட எனக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

நாங்கள் எல்லோரும் புள்ளியியல் படித்தவர்கள், எத்தனை பேர் வருவார்கள் என்று ஆளுக்கொரு கணக்குப் போட்டு ஆளுக்கொரு இடத்தில் நாற்காலி சொல்லியிருந்ததால் வந்தவர்களைவிட நாற்காலிகள் அதிகம், சிலர் காலை நீட்டிக்கொள்ள ஒன்று, பையை வைக்க ஒன்று என்று எடுத்துக்கொண்டார்கள். என்னைப் பார்த்ததும் ஏய் சந்தேகம் வந்துட்டா என்று ஒரு சத்தம், அதுதான் கல்லூரியில் என் பட்டப்பெயர், இதை அக்காவிடம் சொல்லாதே. ஒவ்வொருவரும் எழுந்து இத்தனை வருடம் என்ன செய்தோம் என்று சொல்ல வேண்டும் என்றார்கள், நான் எழுந்து பிஸ்கட் ஃபேக்டரியில் தரம் பார்க்கிறேன், இரண்டு பிள்ளைகள் என்று சொல்லி உட்கார்ந்தேன், அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா என்று கேட்டார்கள், யோசித்துப் பார்த்தால் எனக்கும் அதே கேள்விதான்.

சாப்பாட்டு நேரத்தில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் பிடித்தேன். மைக் என்று நாங்கள் பட்டப்பெயர் வைத்த ஒருவன், அப்போதும் பேசுவான் இப்போதும் பேசுகிறான், படித்த துறையிலேயே நின்று பெரிய வங்கியில் பெரிய நாற்காலியில் இருக்கிறான், அவன் வாயால் நல்லதாக நாலு வார்த்தை வாங்கிவிடலாம் என்று போனால், நான் முப்பது வயசுலேர்ந்து ரிட்டயர்மென்டுக்குக் காத்துக்கிட்டிருக்கேன்மா என்றான். நெட்டை என்று ஒருத்தி, எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள், வருத்தம் இருக்கிறதா என்று கேட்டேன், பிரேக்குன்னு சொன்னா ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறான் ஒருத்தன், அவனை நினைச்சாத்தான் வருத்தம் என்று சிரித்தாள். இன்னொருவன் மூன்று தடவை வேலை மாறினானாம், நடுவில் உள்ளது மட்டும்தான் தப்பு என்கிறான், இதை எந்தக் கட்டத்தில் போடுவது. கேட்கக் கேட்க என் முகம் தொங்கியிருக்க வேண்டும், நெட்டை என் தோளைத் தட்டி, வந்தவங்களைத்தானே கேக்குறே, நொந்து போனவன் இங்க வந்து எதுக்குடி நிக்கப் போறான், ஃபேக்டரியிலயும் மேல் தட்டுல இருக்கிற பிஸ்கட்டை மட்டும் எடுத்துப் பார்த்துட்டு கையெழுத்துப் போட்டுடுவியா என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள். இத்தனை வருடமாகப் புதிதாகச் சேரும் பெண்களுக்கு முதல் நாளே நான் சொல்லிக்கொடுப்பது அதுதான், அடித் தட்டிலிருந்தும் எடு, ஓரத்தில் கருகினதையும் எடு என்று.

வராதவர்களில் எல்லோரும் தேடியது முதல் மார்க்கைத்தான். எங்கள் வகுப்பிலேயே கெட்டிக்காரி, ஆராய்ச்சிக்குப் போய்ப் பாதியில் விட்டவள். பாவம், முகத்தைக் காட்டக் கூச்சமா இருக்கும் என்று மைக் சொன்னான், எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள், நானும் கொட்டினேன், உள்ளுக்குள்ளே எனக்கு ஒரு அற்ப சந்தோஷம், உனக்குக் காட்ட ஒருத்தியாவது கிடைத்தாளே என்று. மறுநாள் அவள் போன் நம்பரை வாங்கிப் பேசினேன். அவளும் அவள் ஆட்களும் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கிறார்களாம். ஏன் வரவில்லை என்றேன், கிளம்பி வாசலுக்கு வந்துட்டேன்டி, ஒரு மனுஷன் ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவுல மாட்டிக்கிட்டுக் கத்துறார், அவரை அப்படியே தொங்கவிட்டுட்டு வந்து என் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லச் சொல்றியா என்றாள். ஆராய்ச்சியை விட்டதில் வருத்தம் உண்டா என்று கேட்டேன். இருக்கு, சில நாள் காலையில வரும், வேலைக்குக் கிளம்பினதும் போயிடும் என்றாள். சற்று நிறுத்தி, ஆமா இதெல்லாம் யாருக்காகக் கேக்குறே, புள்ளைக்கா, அவன் உன்கிட்ட விவரம் கேட்டானா இல்ல சரின்னு சொல்லக் கேட்டானா என்றாள். நான் அந்த ஆறாவது மாடி ஆள் என்ன ஆனார் என்று விசாரித்தேன்.

ஊசி என்றால் கட்டிலுக்கு அடியில் ஒளிந்தவன் மற்றவர்களுக்கு ஊசி போடப் போகிறான் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது, வந்த சிரிப்பு பாதியில் நின்றும் விடுகிறது. உனக்கு அந்த வேலை வராது என்று நான் பயப்படவில்லை. இரவெல்லாம் நின்று கால் வலிக்க நீ அறைக்குத் திரும்பும்போது கதவைத் திறக்க அங்கே யாரும் இருக்க மாட்டார்கள், தப்பாகப் போய்விட்டால் ஓடி வர அந்த ஊர் எனக்குக் கிட்டத்திலும் இல்லை, அந்தப் பயத்தோடுதான் புள்ளிவிவரம் என்ற பெயரில் தட்டைத் தூக்கிக்கொண்டு சுற்றினேன். நீ போகத்தான் போகிறாய் என்பது அப்பாவுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது, என்னிடம் சொல்லவில்லை, ஏன் என்று கேட்டால் நீ ஆதாரம் கேட்பே என்கிறார். நான் சேர்த்த விவரத்தில் எதுவும் தேறவில்லை, ஆகவே ஆதாரம் எதுவும் இல்லாமலே சொல்கிறேன், சரி. போய்ப் படி. நடுவில் பிடிக்காமல் போனால் அதையும் முதலில் என்னிடம் சொல், பால் பொங்குகிறது என்று இனி சொல்ல மாட்டேன்.

நீ தொடுகிற நோயாளிகளும் நீயும் நன்றாக இருக்க வேண்டும், கை நடுங்காமல் மனம் சோராமல் நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம். ஒன்று மட்டும் மறக்காதே, போன தடவை வீடியோவில் இடப் பக்கமாகவே மென்றுகொண்டிருந்தாய், கேட்டால் ஒன்றுமில்லை என்பாய் என்று கேட்கவில்லை. கம்பெனிக் காப்பீடு இருக்கும்போதே அந்தப் பல்லை டாக்டரிடம் காட்டிவிடு, ராஜினாமாக் கடிதத்தை அதற்கு மறுநாள் கொடு.

அன்புடன்,
அம்மா