சபை காலண்டரில் ஒரு சிவப்புப் புள்ளி

ஜூலை 3, வியாழன்

காற்று. தூறல் மாதிரி வந்து ஏமாற்றிவிட்டது. சுரங்கக் கழிவு கொட்டின சயனைடு மேட்டுத் தூசி வீடு முழுக்க. மெர்சி இரண்டு தடவை கூட்டினாள். இரண்டு தடவையும் என்னைத்தான் திட்டினாள், காற்றை நான் கூட்டி வந்தது போல.

வேலைகள்: பெல்ட் தைக்கக் கொடுக்க. ரேஷன். துப்பாக்கி லைசென்ஸ் புதுப்பிக்கக் கோலார் போக. அதற்கு முன் டாக்டர் சர்டிஃபிகேட்.

கடையில் முதலாளி ஒரு சின்னப் பெட்டியை நீட்டினார். மருமகன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்ததாம். லேசர். கைத்துப்பாக்கியின் குழலுக்கு அடியில் இறுக்கி மாட்டுவது. பொத்தானை அழுத்தினால், குண்டு எங்கே போகுமோ அங்கே சிவப்புப் புள்ளி விழும்.

"இனிமே நீ சுடவே வேணாம் ஸ்டீபன். புள்ளிய அவன் நெஞ்சு மேல வை. திருடன் தானா ஓடிடுவான்."

"ஓடலன்னா மொதலாளி?"

"அப்ப சுடு."

சிரித்தார். நானும். பட்டாளத்தில் வெறும் கண்ணால் குறி பார்த்து மெடல் வாங்கியவனுக்கு இப்போது டார்ச் லைட். லைசென்ஸ் இதற்கெல்லாம் இடம் கொடுக்குமா என்று கேட்டேன். விசாரித்துச் சொல்கிறேன் என்றார். விசாரிக்க மாட்டார்.

அப்பா சுரங்க ஷாஃப்ட்டில் இறங்கித் தங்கம் எடுத்தார். நான் சட்டைக்கு அடியில் துப்பாக்கி வைத்துக்கொண்டு பங்காருபேட்டை நகைக்கடைக்குக் காவல். மெர்சியின் காதில் கிடப்பது கவரிங்.

தேநீர் இன்றும் அரை டம்ளர்தான். கேட்டால், "சுகருக்கு அது போதும்." எனக்கு ஏது சுகர்? கொஞ்ச நாளாகவே இந்தக் கஞ்சத்தனம்.

ஜூலை 4, வெள்ளி

லேசரை மாட்டியாயிற்று. பழைய உறைக்குள் துப்பாக்கி இப்போது நுழையவில்லை. புது உறை தைக்க வேண்டும். சட்டைக்கு மேலே புடைப்பாகத் தெரிகிறது.

"இன்னாங்க, இடுப்புல கட்டி வந்தா மாரி கீது" என்றாள் மெர்சி.

மறைத்து வைப்பதற்கென்றே சின்னத் துப்பாக்கி. அதில் ஒரு கட்டி.

வாசலில் வெயிலில் லேசரை அடித்துப் பார்த்தேன், புள்ளி தெரியவே இல்லை. வீட்டுக்குள் நன்றாகத் தெரிகிறது. குண்டு மேகசீனைக் கழற்றிவிட்டு, சேம்பர் காலிதானா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, எதிர்ச் சுவரில் சபை காலண்டரைக் குறி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமையின் சிவப்பு எண்.

நிற்கவில்லை. ஞாயிறிலிருந்து திங்களுக்கு ஓடுகிறது, திரும்பி வருகிறது, மேலே பைபிள் வசனத்துக்குப் போகிறது. ஸ்க்ரூ தளர்ந்திருக்க வேண்டும். வெளிநாட்டுச் சாமான் என்றால் உசத்தி என்று ஒரு நினைப்பு.

ஜூலை 6, ஞாயிறு

மேகமூட்டம். ஆராதனைக்குப் போனோம். பிரசங்கம் நீளம். பின்வரிசையில் யாரோ குறட்டை.

ஈஸ்டரிலிருந்து மெர்சி என் பாட்டுப் புத்தகத்தை வீட்டிலேயே விட்டுவிடுகிறாள். அவள் புத்தகத்தை அவளே பிடித்துக்கொள்கிறாள், நான் தலையைச் சாய்த்துப் பார்த்துப் பாடுகிறேன். வயதான காலத்தில் காதல் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

மத்தியானம் திரும்ப லேசர். ஸ்க்ரூ இறுக்கியாயிற்று. பேட்டரி புதிது. இவை சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டிய லைன் வீடுகள், ரயில் வந்தால் சுவர் லேசாக அதிரும். ஆனால் அந்த நேரத்தில் ரயில் ஏது? தூக்கம் சரியாகத்தான் வந்தது. பசியா? மெர்சி மட்டன் போட்டிருந்தாள், வயிறு முட்ட.

புள்ளி ஆடுகிறது.

ஜூலை 8, செவ்வாய்

மழை இல்லை. மெர்சி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள்.

ஒரு யோசனை வந்தது. முன்னமே வந்திருக்க வேண்டும். அரிசிப் பையை மேசை மேல் வைத்து, நடுவில் அமுக்கிப் பள்ளம் பண்ணி, துப்பாக்கியை அதில் படுக்க வைத்தேன். பொத்தானை அழுத்திவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன்.

புள்ளி ஆணி அடித்தது போல நின்றது. காலண்டரில், ஒரே எண்ணின் மேல்.

கையில் எடுத்தேன். ஆடியது. பையில் வைத்தேன். நின்றது. எடுத்தேன். ஆடியது.

பட்டாளத்தில் ஒரு பழக்கம் உண்டு. காலித் துப்பாக்கியின் குழல் மேல் நாணயத்தை வைத்து, அது விழாமல் விசையை அமுக்க வேண்டும். பொழுதுபோகாத நாளில் பந்தயம் கட்டுவோம். என் நாணயம் விழாது. இன்று ஒரு ரூபாயை வைத்தேன். விசையைத் தொடுவதற்கு முன்னமே கீழே விழுந்து அலமாரிக்கு அடியில் உருண்டு போய்விட்டது. எடுக்கவில்லை.

மெர்சி குடத்தோடு வந்தாள். "மேசயெல்லாம் இன்னா அரிசி?" என்றாள். பை கிழிந்திருக்கிறது என்றேன். ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

லேசரில் கோளாறு இல்லை.

ஜூலை 9, புதன்

காலை மாரிகுப்பம் ரயில். பெங்களூர் போகிற கூட்டம் மொத்தமும் ஏறிய பிறகுதான் நான் ஏறுவேன். பங்காருபேட்டையில் இறங்குகிறவன், கதவுப் பக்கம் நிற்பது வசதி. முதுகைச் சுவரில் சாய்த்து, இடுப்பில் யார் கையும் படாமல். இன்று வழியெல்லாம் என் வலது கையையே பார்த்துக்கொண்டு போனேன். சும்மா தொங்கும்போதும் கட்டை விரல் அசைகிறது. நான் அசைக்கவில்லை.

டாக்டர் போன தடவை கண்ணை மட்டும்தான் பார்த்தார். பிரஷர் எடுத்தார். கையைப் பேண்ட் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் சர்டிஃபிகேட் கிடைத்துவிடும். இன்னும் சில வருஷம் ஓட்டலாம். கடையில் இதுவரை துப்பாக்கியை எடுக்கவேண்டி வந்ததே இல்லை. எடுக்காத துப்பாக்கிக்குக் கை ஆடினால் என்ன?

இப்படியெல்லாம் யோசிக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

பென்ஷன் வருகிறது, சோற்றுக்குக் குறைவில்லை. ஆனால் காலையில் எழுந்து எங்கே போவேன்? கடைக்கு முன்னால் நான் நின்றால் ஆட்கள் கொஞ்சம் ஒதுங்கிப் போவார்கள். அது எனக்குப் பிடிக்கும். இங்கே எழுதுவதற்கென்ன, ரொம்பப் பிடிக்கும்.

ஜூலை 11, வெள்ளி

கை இன்னும் நிதானத்துக்கு வரவில்லை. எழுத்து கோணலாகப் போகிறது. எழுதிவிடுகிறேன்.

கடையில் நல்ல கூட்டம். கல்யாண வீட்டார் ஒரு பக்கம், குழந்தைகள் ஒரு பக்கம். ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒருவன் விறுவிறுவென்று உள்ளே வந்தான். கண்ணாடியும் இறக்கியிருந்தது. கையில் கறுப்புப் பை. "ஏய், ஏய்" என்று யாரோ கத்தினார்கள். அவன் பைக்குள் கையை விட்டான்.

எடுத்துவிட்டேன். எப்படி எடுத்தேன் என்று தெரியாது, பழக்கம். விரல் விசையில் இல்லை. சேம்பரில் குண்டு ஏற்றவில்லை. யாருக்காக இதை எழுதுகிறேன்? பொத்தான் அமுங்கி லேசர் எரிந்தது.

புள்ளி அவன் மேல் இல்லை. அவனுக்குப் பின்னால், மோதிரக் கவுண்டரில் நிற்கிற காயத்ரி மேல் இருந்தது. அவள் தோளில். அங்கிருந்து கழுத்துக்கு. சுவருக்குப் போய்த் திரும்பவும் கழுத்துக்கு.

வந்தவன் கூரியர்க்காரன். பைக்குள்ளிருந்து ஒரு கவரை எடுத்துப் பயந்து நீட்டினான்.

முதலாளிக்கு ஒரே சந்தோஷம். "இன்னா வேகம்ப்பா! பாத்தீங்களா எங்க ஸ்டீபன?" என்று கல்யாண வீட்டாரிடம். அவர்களும் தலையாட்டினார்கள். எனக்கு ஜூஸ் வரவழைத்தார். இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தேன்.

சாயங்காலம் ஷட்டர் இறக்கும்போது காயத்ரி சிரித்துக்கொண்டே வந்தாள். போன வருஷம்தான் கல்யாணம் ஆன பெண்.

"அண்ணா, அந்த செவப்பு லைட்டு என் மேல ஓடிச்சே, பாத்தீங்களா? நான் பூச்சின்னு தட்டி வுட்டேன்."

கழுத்தைத் தட்டிக் காட்டினாள். நான் சிரிக்கப் பார்த்தேன். ரயிலில் ஏறிய பிறகுதான் அழுகை வந்தது. கதவுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். தூசி விழுந்திருக்கும் என்று நினைத்திருப்பார்கள்.

லேசர் இல்லாவிட்டால் எனக்கும் தெரிந்திருக்காது. வேகத்தை மெச்சிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பேன்.

ஜூலை 12, சனி

கடைக்குப் போகவில்லை. ஜுரம் என்று போன் செய்தேன். தூறல்.

மெர்சி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்து கையை நீட்டினேன்.

"பாரு."

பார்த்தாள். கீரையைக் கீழே வைக்கவில்லை.

"தெரியும்ங்க."

"இன்னா தெரியும்?"

"ஈஸ்டர்லேர்ந்தே தெரியும். பாட்டு பொஸ்தகம் கையில ஆடிச்சி. எல்லாரும் பாத்துருவாங்கன்னு எனக்கு பக்குனு ஆச்சி."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்."

நேற்று நடந்ததைச் சொன்னேன். காயத்ரி பெயரைச் சொன்னதும் கீரையை வைத்துவிட்டாள். "கர்த்தாவே" என்று மட்டும் சொன்னாள். அவள் அழுதாள். நான் நேற்றே அழுதுவிட்டதால் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அரை டம்ளர் தேநீர் எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. நிறைய இருந்தால் சிந்தும். சிந்தினால் எனக்குத் தெரிந்துவிடும். காதலும் இல்லை, கஞ்சத்தனமும் இல்லை.

இல்லை. காதல்தான்.

ஜூலை 14, திங்கள்

முதலாளியிடம் சொன்னேன். நம்பவில்லை. கையை நீட்டிக் காட்டினேன். முகம் மாறிவிட்டது. நல்ல மனுஷன்.

"துப்பாக்கிய உள்ளயே வெச்சுக்கோ, எடுக்காத. சும்மா நில்லு ஸ்டீபன். நீ நின்னாலே போதும்."

"நின்னுக்கிட்டிருந்தா ஒருநாளு எடுப்பேன் மொதலாளி. வெள்ளிக்கிழம எடுத்தேனே."

காயத்ரி மோதிரத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காதில் விழுந்ததா தெரியாது. கை கழுத்துக்குப் போனது போல இருந்தது. விழுந்திருக்கும்.

லேசரைக் கழற்றி, வந்த பெட்டியிலேயே போட்டு முதலாளி மேசையில் வைத்தேன். ஸ்க்ரூவைக் கழற்றத்தான் ரொம்ப நேரமாயிற்று. அவர் உதவ வந்தார். வேண்டாம் என்றேன். அப்புறம் அவர் கையிலேயே கொடுத்தேன்.

அங்கிருந்து நேராகப் போலீஸ் ஸ்டேஷன். எழுதிக்கொடுத்துத் துப்பாக்கியையும் குண்டுகளையும் ஒப்படைத்தேன். ரைட்டர் தெரிந்தவர்.

"எலக்‌ஷன் கூட இல்லியே சார், எல்லார்கிட்டயும் துப்பாக்கிய வாங்கி வெக்க. இப்ப ஏன் கொண்டாந்தீங்க? எப்ப வந்து எடுத்துக்குவீங்க?"

"எடுத்துக்க மாட்டேன்."

நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுதினார்.

வெளியே வந்ததும் பேண்ட் இறங்கியது. பெல்ட்டை ஒரு ஓட்டை தள்ளி இறுக்கினேன். அந்தப் பக்கம் இடுப்பு கனமில்லாமல் இருக்கிறது. நடை கோணுகிறது.

ஜூலை 15, செவ்வாய்

நல்ல வெயில். ஐந்து மணிக்கே முழிப்பு. போக இடமில்லை, ஷூவுக்குப் பாலிஷ் போட்டேன்.

டாக்டர் வேறு ஆள், பாக்கெட்டில் கையை வைத்து ஏமாற்ற முடியாத ஆள். விரலைத் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், ஒரு வரி எழுதச் சொன்னார். நரம்பு சம்பந்தப்பட்டது மாதிரி தெரிகிறது, கோலாரில் பெரிய டாக்டரைப் பாருங்கள் என்று சீட்டு கொடுத்தார். குணமாகுமா என்று மெர்சி கேட்டாள். மாத்திரையில் கட்டுப்படுத்தலாம் என்றார். கேட்டதற்கு அது பதிலில்லை.

கோலார் போவது வியாழக்கிழமை. பழைய ரிப்போர்ட், ஆதார், குடை.

சாயங்காலம் அலமாரிக்கு அடியில் கையை விட்டு அந்த ஒரு ரூபாயை எடுத்தாள். துடைத்து மேசையில் வைத்தாள்.

தேநீர் கொண்டுவந்தாள். டம்ளர் நிறைய.

வாங்கினேன். சட்டையிலும் தரையிலும் சிந்தியது. மீதியைக் குடித்தேன். அவள் துணி எடுத்துவந்து துடைத்தாள்.