கால்வாய் ஓரத்து வேலிக்காத்தான்

ஞாயிறு, இரவு.

கும்மிடிப்பூண்டி கல்யாண மண்டபத்தில் இன்று என் பிரியாணி அரிசி வேகவில்லை. தம் போடும்போது அடுப்பில் தணலே இல்லை, விறகு அத்தனையும் சாம்பல். பெண்ணின் அப்பா எல்லார் முன்னாலும் என் சட்டையைப் பிடித்து உலுக்கினார்.

நேராக விறகுக்கடை செல்வத்திடம் போனேன். ஏரிமேட்டில் வெயிலில் காய்ந்து வளர்ந்த வேலிக்காத்தான், அதாவது சீமைக்கருவேலங்கட்டைதான் வேண்டும் என்று அவனிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அவன் கம்பெனித் தண்ணீர் ஓடும் கால்வாய் ஓரம் வளர்ந்ததை வெட்டி அனுப்பியிருக்கிறான்.

"இன்னா மாஸ்டரே, இதுக்குப் போய் பேஜாரு பண்றீங்க? அதுவும் வேலிக்காத்தான்தானே?" என்று சிரித்தான்.

"மரம் ஒண்ணுதான்டா. எப்பவும் தண்ணி குடிச்சுக்கினே வளந்ததுல தணலு நிக்குமா?"

அவன் சிரிப்பை நிறுத்தவில்லை. அதே லோடில் மீந்து கிடந்த கட்டை ஒன்றை எடுத்து அவன் தலையில் ஓங்கி அடித்தேன். முருங்கைக் கிளைபோல அது இரண்டாக ஒடிந்தது. நெற்றியில் ரத்தம் வழிய, என்னையே பார்த்தபடி உட்கார்ந்துவிட்டான். தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம்.

நான் கேட்ட கட்டை அங்கே கிடந்திருந்தால் அவன் இந்நேரம் பிணம். நான் ஸ்டேஷனில்.