சொந்தக் கூந்தல்

12-2-1938, சனி. கீரனூர்

நாடக நோட்டீஸ் அச்சாகி வந்தது. பச்சைத் தாள். என் பெயருக்குக் கீழே "சொந்தக் கூந்தலுடன் தோன்றுகிறார்" என்று போட்டிருக்கிறார்கள். பெயரைவிட அந்த எழுத்துதான் பெரிது. பதினாறு வருஷமாகப் பெண் வேஷம் கட்டி, ஸ்திரீபார்ட் போட்டுப் பாடுகிறேன், என் பாட்டைப் பற்றி ஒரு வரி இல்லை.

கம்பெனி முதலாளி திருப்பதி சுற்றி வளைக்காமல் சொன்னார்: "எல்லாக் கம்பெனியிலயும் பொம்பளைகளே வேஷம் கட்ட வந்துட்டாங்க ஆவுடையப்பா. திருச்சியிலேருந்து மீனம்மாள் வேஷம் கேட்டு ஆளு மேல ஆளு விடுது. ஒன்னய நான் வச்சிருக்கிறது அந்த முடிக்காகத்தான்."

கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? ராணி சபையில் கொண்டையை அவிழ்த்துவிட்டு நியாயம் கேட்கும் காட்சிக்குத்தான் கூட்டம் வருகிறது. பொய்முடி டோப்பா வைத்தவன் அவிழ்த்தால் சிரிப்பார்கள்.

15-2-1938, செவ்வாய்

தொண்டை கட்டியிருக்கிறது. எழுத ஒன்றுமில்லை.

19-2-1938, சனி

செவந்தி வந்தாள். எங்கள் ஊர் அன்னவாசலிலிருந்து வண்டி பிடித்து வந்திருக்கிறாள். "ஒங்க அப்பாவுக்கு மூச்சு இழுக்குதுங்க. ரெண்டு நாளாக் கஞ்சியும் எறங்கல. ஒரு நடை வந்து மொகத்தக் காட்டிட்டு வாங்க" என்றாள். திங்கட்கிழமை வருகிறேன் என்றேன். பொய் என்று அவளுக்கும் தெரியும். பெண்டாட்டியிடம்கூட நடிக்கிறேன்.

நான் அங்கே இருக்கும்போது அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ஒரே பிள்ளை. கொள்ளி வைக்கிறவன் தலையையும் மீசையையும் மழித்தாக வேண்டும், எங்கள் பக்கம் அதில் பேச்சே கிடையாது. மீசை எனக்கு எப்போதோ போய்விட்டது. இந்த முடி இடுப்பைத் தொட ஆறு வருஷம் ஆயிற்று. மொட்டைத் தலையோடு திரும்பினால் மறுநாளே மீனம்மாள் மேடையில் நிற்பாள். எனக்கு வேறு தொழில் தெரியாது. ஏர் பிடித்தால் மாடே சிரிக்கும்.

அப்பா என் நாடகம் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் அதே வார்த்தைதான்: "ஊருக்குள்ள வர்றப்பத் தலையில துண்டக் கட்டிக்கிட்டு வாடா."

பெற்ற தகப்பன் மூச்சுக்குத் தவிக்கிறார், நான் மயிரைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். நானெல்லாம் மனிதனா?

24-2-1938, வியாழன்

அப்பா போய்விட்டார்.

எங்கள் வயலில் வேலை செய்யும் ராக்கன் பதினோரு மணிக்கு நடந்தே வந்து சேர்ந்தான். "விடியக்காலம் தவறிட்டாருங்க. ஒங்களக் கையோட கூட்டியாரச் சொன்னாங்க." நான் கொட்டகைக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன், "சாகுறதுக்கு முன்னாடி அய்யா ஒங்களுக்கு ஒண்ணு சொல்லிவிட்டாருங்க—" என்று ஆரம்பித்தான்.

"அங்கிட்டு வந்து கேட்டுக்கறேன். நீ முன்னால போ" என்று தடுத்துவிட்டேன். சாகும்போதும் திட்டியிருப்பார். அதை ராக்கன் வாயால் வேறு கேட்க வேண்டுமா?

வேட்டி மாற்றினேன். ரோடு வரைக்கும் போனேன். பஸ் வந்தது. கண்டக்டர், "ஏறுறீங்களா இல்லையா?" என்றார். ஏறவில்லை.

25-2-1938, வெள்ளி

நேற்று மேடையில் கொண்டையை அவிழ்த்ததும் 'ஒன்ஸ்மோர்' கேட்டார்கள். இதுவரை இப்படிக் கேட்டதே இல்லை. அவிழ்த்த முடியைத் திரும்ப முடிந்துகொண்டு மறுபடியும் அவிழ்த்தேன். அப்போது அப்பா வீட்டில் கிடந்தார்.

என்னடா பண்ணுன? ஆவுடையப்பா, என்னடா பண்ணுன நீ?

சாயங்காலம் தகவல் வந்தது. இன்று மதியம் வரை எனக்காக எடுக்காமல் வைத்திருந்தார்களாம். பிறகு பெரியப்பா மகன் நாகராசு கொள்ளி வைத்தானாம்.

3-3-1938, வியாழன்

முதலாளிக்கு விஷயம் தெரியும். காப்பி வாங்கிக் கொடுத்தார். குடித்தேன்.

11-3-1938, வெள்ளி

கருமாதி. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு போனேன். நாகராசு மொட்டைத் தலையோடு பந்தலில் உட்கார்ந்திருந்தான், என் இடத்தில். வா என்று ஒருவரும் சொல்லவில்லை. அடித்து விரட்டியிருந்தால்கூடத் தேவலை.

செவந்தி என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். "ராக்கன் சொன்னானா இல்லையா?"

"என்னத்த?"

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அப்புறம் சொன்னாள். "பங்காளிகளையெல்லாம் கூப்பிட்டு வச்சுச் சொன்னாருங்க. 'எம்மவன் தலையில கத்தி படக் கூடாது, அது அவன் பொழப்பு. கொள்ளிய மட்டும் வச்சுட்டு அவன் போகட்டும், யாரும் ஒண்ணும் கேக்கப்படாது'ன்னு கையில அடிச்சுச் சத்தியம் வாங்கினாரு. அதச் சொல்லத்தானே ராக்கன அனுப்பினேன்!"

எல்லோரும் ஒத்துக்கொண்டிருந்தார்கள். நான் வந்து நின்றால் போதுமாக இருந்திருக்கிறது. வைக்கோல் போருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். எத்தனை நேரம் என்று தெரியவில்லை. செவந்தி வந்து, "நான் ஒங்களத் திட்டல. எங்கூடப் பேசாதீங்க, அம்புட்டுத்தான்" என்றாள். சாப்பிடாமல் திரும்பினேன்.

17-3-1938, வியாழன்

அந்த மனிதருக்கு என் பிழைப்பு தெரிந்திருந்தது. எனக்குத்தான் அவரைத் தெரியவில்லை.

26-3-1938, சனி. திருக்கோகர்ணம்

கம்பெனி முகாம் இங்கே மாறிவிட்டது. காலையில் குளத்தங்கரையில் நாவிதர் முன்னால் போய் உட்கார்ந்து மொட்டை என்றேன். வேஷம் போனால் போகட்டும், மீனம்மாள் வந்து ஆடட்டும் என்று நிச்சயம் பண்ணிக்கொண்டுதான் போனேன்.

"யாருக்குங்க?" என்றார்.

"அப்பாவுக்கு."

"எப்பத் தவறினாரு?"

"ஒரு மாசமாச்சு."

அவர் தண்ணீர் தொட்டுத் தலையை நனைத்தார். கத்தி நெற்றியில் பட்டதும் எழுந்துவிட்டேன். பயம் இல்லை. கத்தி படக் கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார். அவர் சொல்லை நான் கேட்பதற்கு இனிமேல் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

ஈரத் தலையோடு கொட்டகைக்கு வந்தேன். இன்றைக்கு டிக்கெட் எல்லாம் விற்றுப்போய்விட்டதாம்.