பில் புரோக்ராம் நின்ற காரணம்

ஜூன் 9, திங்கள்
காலையிலிருந்து சாரல். குடை மறந்தாச்சு. கடையில் ஏலக்காய் ஏல நாள். புதிதாக வாங்கிய பில் புரோக்ராமும் பதினொரு மணிக்குப் பாதியில் நின்றது. மெமரி போதவில்லையாம். கடையில் எங்களோடு வேலை பார்த்த பாண்டி எழுதிய பழையதும் இப்படித்தான், சரக்கு குவிகிற நாளில் நிற்கும். அதற்காகத்தான் பொங்கலுக்கு முன்னால் முதலாளி அவனை வேலையை விட்டு நிறுத்தினார். கம்ப்யூட்டர் மெஷின்களைப் பார்த்துக்கொள்கிற நானும் தலையாட்டினேன். பங்குனியில் அவனுக்கு மாரடைப்பு. போய்விட்டான்.

வாங்க: மவுஸ் 2, அம்மாவுக்கு பி.பி. மாத்திரை.

ஜூன் 10, செவ்வாய்
கண்டுபிடித்தேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

பில் போடுகிற லினக்ஸ் மெஷினில் எந்த புரோக்ராமும் இரண்டு ஜி.பி.க்கு மேல் மெமரி எடுக்கக் கூடாதென்று ஒரு வரம்பு. போட்டது நான். போன வருஷம் ஆளாளுக்குப் படம் பார்த்து மெஷின் திணறியபோது, பிரவுசரை அடக்க. ஆனால் எங்கள் கடையில் எல்லாருக்கும் ஒரே லாகின், ஒரே பாஸ்வேர்டு. வரம்பு லாகினுக்குத்தான்; பில் புரோக்ராமும் அதே லாகினில்தான். அதன் கழுத்தையும் சேர்த்து நெரித்திருக்கிறேன். போட்டதையே மறந்தும் போனேன்.

அந்த ஒரு வரியை அழித்து, மறுபடி லாகின் செய்து, பாண்டியின் புரோக்ராமில் நேற்றைய சரக்கு முழுவதையும் ஏற்றினேன். நிற்கவேயில்லை. அழுகை வந்துவிட்டது. கோடவுனுக்குள் போய் நின்றேன்.

முதலாளியிடம் சொன்னேன். "செத்தவனுக்கு இனி என்னப்பா பேரு வேண்டிக்கெடக்கு? அவன் வீட்டுல போயி உளறி வைக்காத."

ஜூன் 12, வியாழன்
சாப்பாடு இறங்கவில்லை. "எங்க வீட்டு மெஷின்ல நல்லா ஓடுதுடா" என்று பாண்டி எத்தனை தடவை சொன்னான். "கடை மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல. அப்ப வீட்டுலயே ஓட்டிக்க" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரிக்கப் பார்த்தான்.

மாத்திரை வாங்கியாச்சு. மவுஸ் இல்லை.

ஜூன் 14, சனி
குச்சனூர். பஸ்ஸில் சனீஸ்வரன் கோயில் கூட்டம், போடியிலிருந்து நின்றுகொண்டே பயணம். பாண்டி வீடு. அவன் மனைவி செல்வி காப்பி தந்தாள். ஒன்றுவிடாமல் சொன்னேன். "தப்பு என்னோடதும்மா. அவன் எழுதுனதுல ஒரு பிசகும் இல்ல."

அவள் காப்பி டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"கடைசி நாள் வரைக்கும் அந்தக் கம்ப்யூட்டரு முன்னாலதாண்ணே உக்காந்திருந்தாக. சோத்துக்குக் கூப்பிட்டாக்கூட வரமாட்டாக. 'இரு செல்வி, மெஷினப் பாக்குற அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும், எங்கிட்டதான் ஏதோ கோளாறு'ன்னாக."