ஒரு பிளேட்டும் ஆறு திருகும்

பிப்ரவரி 3

வாலுவுக்குப் புது ஷூ. ஆறு மாதத்தில் மூன்றாவது ஜோடி. இடது ஷூ புதுக்கருக்கு அழியாமல் இருக்கிறது, வலது மட்டும் வெளிப்பக்கம் தேய்ந்து ஓட்டையாகிவிடுகிறது. ஒற்றை ஷூ விற்க மாட்டார்களாம். கேட்டதற்குக் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

வாலு என் மகள், ஒன்பது வயது. வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு வளைந்து வளர்கிறது. எலும்பு டாக்டர் இன்று தேதி கொடுத்தார்: மார்ச் 6. வெட்டி, நேராக்கி, பிளேட் வைத்துத் திருகுவாராம். "இத விட்டா ஆகஸ்ட்லதான் அடுத்த தேதி. அதுக்குள்ள இன்னும் வளைஞ்சிரும். அப்புறம் ஒரு ஆபரேஷன்ல முடியாது" என்றார். நான் வேலை பார்க்கும் கடையில் கஸ்டமருக்கு அலமாரி வரும் தேதியைச் சொல்வேனே, அச்சு அசல் அதே குரல்.

பிப்ரவரி 5

செலவுக் கணக்கு வந்தது. பிளேட் ஒன்று, திருகு ஆறு. அலமாரிக் கடையில் பதினெட்டு வருடமாக அளவெடுக்கிறேன், திருகு என்ன விலை என்று எனக்குத் தெரியாதா? இந்த ஆறு திருகின் விலையில் நாலு வீட்டுச் சமையலறையை முடித்துக் கொடுக்கலாம். "இது டைட்டானியம் மேடம்" என்றார் பில் போடுகிறவர். தங்கம் என்றிருந்தால்கூட மலிவாகத் தோன்றியிருக்கும். மொத்தத் தொகையை, எங்கள் இருவர் சம்பளத்தையும் ஏழு மாதம் தொடாமல் வைத்தால் கட்டிவிடலாம். சாப்பாட்டை மட்டும் விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

நல்லவேளை, இவர் பஸ் ஓட்டுகிற கம்பெனியில் குடும்பத்துக்கும் சேர்த்து இன்சூரன்ஸ் உண்டு. பத்துப் பக்கப் படிவத்தை ஒரே மூச்சில் நிரப்பினேன். "ஒரு தடவ நான் பாக்கட்டுமா?" என்றார் இவர். நீங்க பஸ்ஸப் பாருங்க என்றேன்.

பிப்ரவரி 12

இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து கடிதம். "பாதிக்கப்பட்ட உறுப்பு குறித்த விவரத்தைச் சரிபார்த்து மீண்டும் அனுப்பவும்."

உறுப்பு கால்தான் ஐயா. மூக்கு இல்லை. அதே படிவத்தின் நகலோடு எக்ஸ்ரே ஒன்றையும் வைத்து அனுப்பினேன்.

எல்லாம் ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் கவுன்ட்டர் வழியாகத்தான் போக வேண்டும். அங்கே ஓர் அம்மாள். மேஜையில் நாலு சீல், ஒன்றும் இருந்த இடத்தை விட்டு அசைவதில்லை. எதைக் கேட்டாலும் "வரல. வந்தா சொல்றோம்." சீல் அக்கா என்று பேர் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 16

நாத்தனார் வந்தார். "எதுக்கு ஆபரேஷன்? எண்ணெய் போட்டு நீவிவிட்டா நேராயிடும். எம்பையன் காலும் இப்படித்தான இருந்துச்சு" என்றார். உண்மை. அவர் மகன் கால் இப்போது நேராகத்தான் இருக்கிறது, அது வேலைக்குப் போவதில்லை என்பதுதான் குறை. கைமாற்றாகக் கொஞ்சம் கிடைக்குமா என்று இவர் மென்று விழுங்கிக் கேட்டதும் நாத்தனாருக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. 

பிப்ரவரி 20

இரண்டாவது கடிதம். எழுத்துக்கு எழுத்து அதே வாசகம். மூன்று எக்ஸ்ரே, டாக்டர் கடிதம், மறுபடியும் அதே படிவத்தின் நகல், எல்லாம் அனுப்பினேன். இன்சூரன்ஸ்காரர்களுக்குக் கண் டாக்டரைப் பார்க்க இன்சூரன்ஸ் இல்லை போலிருக்கிறது.

பிப்ரவரி 23

வாடகைக்கு எடுக்கப்போகும் சக்கர நாற்காலி 64 சென்டிமீட்டர். எங்கள் குளியலறை வாசல் 62. ஊரார் வீட்டையெல்லாம் அளந்து கொடுக்கிற மகராசி வீட்டில் இரண்டு சென்டிமீட்டர் இல்லை! கதவையே கழற்றினேன். கீலோடு சேர்த்து மூன்று கிடைத்தது. இனிமேல் துணித்திரைதான்.

"நான் உள்ள இருக்கும்போது யாராச்சும் வந்தா?" என்றாள் வாலு.

"சத்தமா வாய்ப்பாடு சொல்லு. ஒருத்தரும் கிட்ட வர மாட்டாங்க."

சிரித்தாள். பிறகு, "வெட்டும்போது வலிக்குமாம்மா?" என்றாள். தூங்க வைத்துவிடுவார்கள், தெரியவே தெரியாது என்றேன். "உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

எனக்கு எப்படித் தெரியும்? சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 3

மூன்றாவது கடிதம். அதே. நாளை மறுநாள் மாலை ஐந்துக்குள் ஒப்புதல் வராவிட்டால் தேதி வேறு பிள்ளைக்குப் போய்விடும். வரட்டும் நாளைக்கு. சீல் அக்காவை ஒரு கை பார்க்கிறேன்.

மார்ச் 4

பார்த்தேன்.

"இந்த சீல் எல்லாம் அழகுக்கா வச்சிருக்கீங்க மேடம்?" என்று ஆரம்பித்து, வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். வரிசையில் நின்றவர்கள் தங்கள் கஷ்டத்தை மறந்து வேடிக்கை பார்த்தார்கள். அந்த அம்மாள் கோபப்படவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் படிவத்தை எடுத்து நாலாம் பக்கத்தைத் திருப்பினார். அதில் ஒரு மனிதப் படம். பாதிக்கப்பட்ட இடத்தில் டிக் போட வேண்டும். நான் போட்டிருந்தேன்.

"பாப்பாவுக்கு எந்தக் கால்?"

"வலதுன்னு எத்தன தடவ சொல்றது?"

"நீங்க போட்டிருக்கறது இடதும்மா."

"இதோ, வலப்பக்கம்தான…"

"அது உங்க வலப்பக்கம். படத்துல இருக்கற ஆளு உங்களப் பாத்து நிக்கறார் இல்ல?"

அலமாரியில் வலது கதவு என்றால், எதிரே நிற்கிற என் வலது கைப்பக்கம். பதினெட்டு வருடமாக அப்படித்தான் குறிக்கிறேன். அலமாரிக்கென்று தனியாக வலதும் இடதும் கிடையாது. என் மகளுக்கு உண்டு.

ஆக, மூன்று கடிதமும் ஒழுங்காகத்தான் கேட்டிருக்கின்றன. ஒரே தப்பை மூன்று தடவை அனுப்பிய மேதை நான். இத்தனை நாள் ஊரையெல்லாம் நக்கலடித்தேனே! ஒரு மாசம், முழுசா ஒரு மாசம் நானே பாழாக்கியிருக்கேன். புதுப் படிவத்தில் பேனாவை முதலில் அந்தக் காலுக்கும் பிறகு இந்தக் காலுக்கும் கொண்டுபோனேன். சீல் அக்காதான் என் விரலைப் பிடித்து இடத்தைக் காட்டினார். சீல் அடித்தார். "நாளைக்கு வந்துருமா மேடம்?" என்றேன். "நான் பேசிப் பாக்கறேன்" என்றார்.

இவரிடம் சொன்னேன். "பஸ்ஸப் பாக்கச் சொன்னியே" என்றார். ஒரே ஒரு தடவை. நானாயிருந்தால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டியிருப்பேன்.

மார்ச் 5

பதினொன்று. வரவில்லை.

இரண்டரை. வரவில்லை. சீல் அக்கா காதிலிருந்து போனை எடுக்கவில்லை. சாப்பாட்டு டப்பா திறக்காமலே இருக்கிறது.

நாலு நாற்பது. வந்துவிட்டது! பிளேட்டுக்குப் பணம் உண்டாம், திருகுக்குக் கிடையாதாம். பிளேட்டைப் பசை போட்டு ஒட்டிக்கொள்வார்கள் என்று நினைத்தார்களோ என்னவோ. திருகுக்கு முதலாளியிடம் முன்பணம் வாங்கினேன். "ஆறு திருகுக்கா இவ்வளவு?" என்றார். டைட்டானியம் சார் என்றேன்.

சீல் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "போய்ப் பாப்பாவப் பாருங்க" என்று டப்பாவைத் திறந்தார்.

மார்ச் 6

காலையில் நர்ஸ் பேனாவோடு வந்தார். வெட்ட வேண்டிய காலில் அடையாளம் போட வேண்டுமாம். "எந்தக் கால்மா?" என்று என்னைப் பார்த்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் வாலு எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "என்னக் கேளுங்க. அம்மாவுக்கு இதுல கொஞ்சம் குழப்பம்." முழங்காலில் தட்டிக் காட்டினாள். "இது. என்னோட வலது."

இவர் அவளிடம் எல்லாவற்றையும் உளறியிருக்கிறார்.

மூன்று மணி நேரம் கதவுக்கு வெளியே நின்றோம். நக்கலாகச் சொல்ல ஒரு வார்த்தைகூடத் தோன்றவில்லை.

மார்ச் 13

வீட்டுக்கு வந்தாயிற்று. நாற்காலி குளியலறைக்குள் உரசாமல் போனது. உள்ளேயிருந்து ஏழாம் வாய்ப்பாடு, தப்புத் தப்பாக.

செப்டம்பர் 14

திருகுப் பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு மேல்முறையீட்டுப் படிவம். தர மாட்டார்கள். அதற்காக விட்டுவிடுவதா? அதிலும் அந்த ஆள் நிற்கிறார், என்னையே பார்த்துக்கொண்டு. டிக் போட்டு வாலுவிடம் நீட்டினேன். இப்போதெல்லாம் அவள் பார்க்காமல் எந்தப் படிவமும் வீட்டை விட்டுப் போவதில்லை. எழுந்து நின்று, படத்தைப் போலக் கையை விரித்து, தன் காலையும் படத்தின் காலையும் மாறி மாறிப் பார்த்தாள். "சரிதாம்மா. பாஸ்."

தபால்பெட்டி தெருமுனையில். நானே போட்டுவிட்டு வருகிறேன் என்று வாங்கிக்கொண்டு ஓடினாள். ஓடாதடி என்று கத்திக்கொண்டே ஜன்னலுக்கு வந்தேன். தெருமுனை வரைக்கும் அவள் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

எந்தக் கால் என்று தெரியவில்லை.